ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒருநாள் பயணங்கள்: மதகு பார்க்க விரும்பும் அப்பாவையும் முழங்கால் வலியுள்ள அம்மாவையும் எங்கே அழைத்துச் செல்லலாம்?

ஆம்ஸ்டல்வேன் கயல்

அனைவருக்கும் வணக்கம். ஜூன் மாத நடுவில் என் பெற்றோர் ஊரிலிருந்து வந்து ஆம்ஸ்டல்வேனில் எங்களுடன் சில வாரங்கள் தங்கவிருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்களையும் பெரிய அருங்காட்சியகங்களையும் சென்ற முறையே பார்த்துவிட்டதால், இம்முறை நகரைச் சுற்றியுள்ள சிறிய ஊர்களுக்குக் காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும்படி அழைத்துச் செல்ல நினைக்கிறேன். எங்களிடம் கார் இல்லை. அம்மாவால் ஒரே மூச்சில் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க இயலாது. முட்டைகூடச் சேர்க்காத சைவம் வேறு. அப்பா பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சென்ற முறை ஓவியங்களுக்கு முன்னால் நின்ற நேரத்தைவிட மதகுகளுக்கு முன்னால் நின்ற நேரமே அதிகம்.

காற்றாலைகள் நிற்கும் சான்சே ஸ்கான்ஸ், ஃபோலன்டாம், மார்க்கன் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிடும் சுற்றுலாப் பேருந்துகளைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அதில் ஏற்றிவிட்டால் போதுமா, அல்லது பொதுப் போக்குவரத்திலேயே நாங்கள் சென்றால் இன்னும் நன்றாகப் பார்க்க முடியுமா? சீஸ் சந்தை பார்ப்பதற்கு எந்த ஊர் ஏற்றது? தெருக்களுக்குப் பதிலாக நீர்வழிகளே உள்ள கீட்ஹோர்னையும் பார்க்க வேண்டும் என்று அம்மா ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

வடகரையான்

வணக்கம். கீட்ஹோர்னை முதலிலேயே நீக்கிவிடலாம். ரயிலும் பேருந்தும் மாறி அங்கே போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிடும். திரும்பவும் அதே நேரம் வேண்டும். அது ஆம்ஸ்டர்டாமுக்கு அருகிலுள்ள ஊரே அன்று. ஓரிரவு தங்க முடிந்தால் மட்டும் சென்று வாருங்கள்.

உங்கள் தந்தையார் பாசனப் பொறியாளர் என்பதால், எந்த ஊர்களைத் தேர்ந்தெடுப்பது என்பது எளிதாகிவிடுகிறது. ஆம்ஸ்டர்டாமுக்கு வடகிழக்கே வரிசையாக இருக்கும் மொன்னிக்கெண்டாம், மார்க்கன், ஃபோலன்டாம், ஏடாம், ஹோர்ன், எங்க்ஹாய்சன் ஆகிய ஊர்கள் அனைத்தும் சாய்டர்சே என்ற உப்புக்கடல் விரிகுடாவை நம்பி வாழ்ந்தவை. 1916 ஜனவரி 13 இரவு வீசிய புயலில் கரைகள் உடைந்து இப்பகுதி முழுவதும் வெள்ளக்காடானது. மார்க்கன் தீவில் மட்டும் 16 பேர் இறந்தார்கள். கொர்னேலிஸ் லேலி என்ற பொறியாளர் 1891ஆம் ஆண்டிலேயே வகுத்து வைத்திருந்த திட்டம் அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் வேகம் பெற்று, 1918இல் சட்டமாகி, 1932 மே 28 அன்று ஆஃப்ஸ்லாய்ட்டைக் எனப்படும் 32 கிலோமீட்டர் நீளக் கரையின் கடைசி வாய் அடைக்கப்பட்டதோடு அந்தக் கடலை ஏரியாக்கியது. உப்பு போய் நன்னீரானதும் ஹெர்ரிங்கும் நெத்திலியும் மறைந்தன. மீனவர் ஊர்கள் தொழிலை இழந்தன. இன்று ஃபோலன்டாமின் துறைமுகத் தெரு முழுவதும் நினைவுப்பொருள் கடைகளாக இருப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கும், பேருந்திலிருந்து இறங்கி நாற்பது நிமிடத்தில் மீண்டும் ஏறுகிறவருக்கும் அந்த ஊர்கள் ஒன்றாகத் தோன்றமாட்டா.

ஆகவே ஒரு முழு நாளை எங்க்ஹாய்சனுக்கு ஒதுக்குங்கள். ஆம்ஸ்டர்டாம் மத்திய நிலையத்திலிருந்து ரயில் மாறாமல் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சென்றுவிடலாம். தண்டவாளம் முடியும் இடமே துறைமுகம் என்பதால் அம்மாவுக்கு நடை குறைவு. 1983இல் திறக்கப்பட்ட சாய்டர்சே திறந்தவெளி அருங்காட்சியகத்தில், அந்தக் கடலைச் சுற்றியிருந்த ஊர்களின் வீடுகளையும் கடைகளையும் பட்டறைகளையும் கொண்டுவந்து ஒரு சிற்றூராகவே அமைத்திருக்கிறார்கள். திறந்தவெளிப் பகுதி ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும், ஜூனில் கவலையில்லை. ஊருக்கு வெளியே, மார்க்கர்மேர் ஏரிக்கும் ஐசல்மேர் ஏரிக்கும் இடையிலுள்ள கரை தொடங்கும் இடத்தில், கப்பலை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்கும், 2003இல் திறக்கப்பட்ட ஒரு கப்பல் மதகு இருக்கிறது. அங்கே சாலை கீழே ஓடுகிறது. மதகுத் தொட்டியும் அதில் நிற்கும் கப்பலும் சாலைக்கு மேலே இருக்கின்றன. நிலையத்திலிருந்து வாடகைக் கார் எடுத்தாவது அப்பாவுக்கு அதைக் காட்டிவிடுங்கள்.

திரும்பும் வழியில் ஹோர்னில் ஒரு மணி நேரம் இறங்கலாம். 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஹோர்னும் எங்க்ஹாய்சனும் இரண்டு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்தது இதே கம்பெனிதான். ஹோர்னின் சந்தைச் சதுக்கத்தில் யான் பீட்டர்ஸோன் கூன் என்பவருக்குச் சிலை இருக்கிறது. 1621இல் இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் நடந்த படுகொலைக்குத் தலைமை தாங்கியவர் அவர். அந்தச் சிலை அங்கே நிற்கலாமா என்று உள்ளூரிலேயே நெடுங்காலமாக வாதம் நடக்கிறது.

மற்றொரு நாள் மார்க்கன். மத்திய நிலையத்தின் பின்பக்க மாடியிலுள்ள பேருந்து நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் பேருந்துகள் புறப்படுகின்றன. வழித்தட எண்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பயண வழி காட்டும் 9292 செயலியில் அன்றைக்குப் பார்த்துக்கொள்வது நல்லது. 1957இல் கரைச்சாலை போடப்படும் வரை மார்க்கன் தீவாகவே இருந்தது. வெள்ளத்துக்குத் தப்ப உயர்த்திய மேடுகளில் இடம் போதாமல் போனபோது மரக்கால்களின்மேல் வீடு கட்டி, வெள்ளம் அடியில் ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கால்களுக்கிடையில் பின்னாளில் சுவர் எழுப்பி அறைகளாக்கியிருப்பதை இன்றும் காணலாம். அங்கிருந்து படகில் அரை மணி நேரத்தில் ஃபோலன்டாம் சென்று, அங்கே நேரம் செலவிடாமல், ஏடாமுக்குப் பேருந்து ஏறுங்கள். ஏடாம் அமைதியான ஊர்; அதன் சிறிய அருங்காட்சியகத்தில் நிலத்தடி நீர்மட்டத்துக்கேற்ப ஏறி இறங்கும் மிதக்கும் நிலவறை ஒன்று உண்டு. சான்சே ஸ்கான்ஸை நான் பரிந்துரைக்கமாட்டேன். வேறு இடங்களிலிருந்து பெயர்த்து வந்த வீடுகளை வரிசையாக வைத்து, இடையிடையே கூட்டத்தை நிரப்பினால் என்ன கிடைக்குமோ அதுதான் அங்கே கிடைக்கும்.

சாண்டாம்வாசி

வடகரையான் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். சான்சே ஸ்கான்ஸைப் பற்றிய கடைசி வரிகளை மட்டும் ஏற்க இயலவில்லை. எங்க்ஹாய்சன் அருங்காட்சியகத்தின் வீடுகளும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவைதாமே! சான்சே ஸ்கான்ஸில் வீடுகளையும் மரக்காலணிக் கடையையும் விட்டுவிடுங்கள். அங்கே பார்க்க வேண்டியவை ஆலைகளின் உட்புறங்கள். 'டெ காட்' என்ற ஆலையில் வண்ணப்பொடி அரைக்கிறார்கள், 'டெ சூக்கர்' என்ற ஆலையில் எண்ணெய் ஆட்டுகிறார்கள், 'ஹெட் யோங்கே ஸ்காப்' என்ற ஆலையில் மரம் அறுக்கிறார்கள். காற்றில் சுழலும் அச்சின் வட்ட ஓட்டத்தை, மேலும் கீழும் போய்வரும் ரம்ப ஓட்டமாக மாற்றும் வளைதண்டு முறைக்கு 1590களில் காப்புரிமை பெற்றவர் கொர்னேலிஸ் கொர்னேலிஸ்ஸோன் என்பவர். இந்தச் சான் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் தொழில் அவ்வளவு பெருகியதற்கு அந்த ரம்பம் ஒரு முக்கியக் காரணம். ரஷ்யாவின் பேரரசர் முதலாம் பீட்டர் 1697இல் கப்பல் கட்டும் கலை பயில இங்கே சாண்டாமுக்குத்தான் வந்தார். ஒரு பொறியாளரை இதைப் பார்க்கவிடாமல் திருப்பி அனுப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கூட்டம் உண்மைதான். அதற்கு வழி, ஆலைகள் திறக்கும் நேரத்திலேயே அங்கே இருப்பது. மத்திய நிலையத்திலிருந்து ரயிலில் இருபது நிமிடத்துக்குள் சாண்டைக் நிலையத்தை அடைந்து, பாலத்தைக் கடந்து கால் மணி நேரம் நடந்தால் போதும். பதினொரு மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவியும்போது நீங்கள் கிளம்பிவிடலாம். காற்று இல்லாத நாளில் போக வேண்டாம். நின்றுவிட்ட ஆலையைப் பார்ப்பதற்கும் புகைப்படத்தைப் பார்ப்பதற்கும் வேறுபாடில்லை.

ஆனால் நீரிறைக்கும் காற்றாலைதான் வேண்டும் என்றால் சான்சே ஸ்கான்ஸ் போதாது. அங்கிருப்பவை பெரும்பாலும் தொழில் ஆலைகள். அதற்கு அல்க்மாருக்கு அருகே ஸ்கெர்மர்ஹோர்னிலுள்ள அருங்காட்சியக ஆலைக்குச் செல்ல வேண்டும். ஸ்கெர்மர் ஏரியை 1635இல் வற்றடிக்க 52 காற்றாலைகளைப் பயன்படுத்தினார்கள். ஒரு காற்றாலையால் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்துக்கே நீரை ஏற்ற முடியும் என்பதால், ஒன்று இறைத்ததை அடுத்தது வாங்கி இறைக்கும்படி, ஏற்றத்துக்கு மேல் ஏற்றம் வைத்ததுபோல அடுக்கடுக்காக நிறுத்தினார்கள். அந்த ஆலைக்குள் ஒரு குடும்பம் எட்டடிக் கட்டிலில் எப்படி வாழ்ந்தது என்பதையும் உள்ளே பார்க்கலாம் என்று எழுத வந்தேன். எட்டடிகூட இருக்காது, சுவரலமாரிக்குள் அமைந்த குட்டைக் கட்டில் அது.

இதை வெள்ளிக்கிழமையில் வைத்துக்கொண்டால் சீஸ் சந்தையும் சேர்ந்துவிடும். அல்க்மாரின் சந்தை மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை வெள்ளிக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை நடக்கிறது. ஏடாமின் சந்தை ஜூலை, ஆகஸ்ட் மாதப் புதன்கிழமைகளில்தான் என்பதால் ஜூனில் அது உங்களுக்குக் கிடைக்காது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட சுமையைத் தோள்பட்டை வாரில் தொங்கவிட்டு, இரண்டிரண்டு பேராக ஒரே தாளத்தில் ஓடும் சுமைதூக்கிகளின் சங்கம் 1593இலிருந்து இருக்கிறது. இன்றைய சந்தை பார்வையாளருக்கான காட்சிதான். உண்மையான வணிகம் வேறெங்கோ நடக்கிறது. முன்வரிசையில் நிற்க விரும்பினால் ஒன்பதரை மணிக்கே இருக்க வேண்டும், அம்மாவுக்கு அவ்வளவு நேரம் நிற்பது கடினம். எடைமாளிகைச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள உணவகம் ஒன்றில் வெளியே இருக்கை பிடித்துவிடுங்கள்.

ஹார்லெம் வாசகி

கயல், மழை நாளுக்கு ஒரு திட்டம் யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். ஜூனில் மழை பெய்யாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்கள் ஆம்ஸ்டல்வேனிலிருந்து ஸ்கிபோல் விமான நிலையம் வழியாக ஹார்லெமுக்கு நேரடிப் பேருந்து இருக்கிறது. அதில் வாருங்கள், ரயிலைவிட அது நல்லது என்பதற்குக் காரணம் உண்டு. அந்தப் பேருந்து செல்லும் நிலம் முழுவதும் ஹார்லெம்மர்மேர் என்ற ஏரியின் அடித்தளம். கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய நான்கு மீட்டர் கீழே, விமான நிலையமே அந்த ஏரிப்படுகையில்தான் இருக்கிறது. காற்றாலைகளின் சக்திக்கு மீறிய அந்தப் பெரிய ஏரியை மூன்று நீராவி இறைப்பு நிலையங்கள் 1849 முதல் 1852 வரை இறைத்து வற்றடித்தன. அவற்றுள் ஒன்றான கிருக்கியஸ், ஹார்லெமுக்குத் தெற்கே ஹேம்ஸ்டேடாவுக்கு அருகில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் நீராவி உருளையின் விட்டம் 3.66 மீட்டர், உலகிலேயே பெரியது என்று கருதப்படுகிறது. இப்போது நீராவியில் ஓடுவதில்லை என்றாலும், திரவ அழுத்த விசையால் அதை இயக்கிக் காட்டுகிறார்கள். கட்டடத்தைச் சுற்றிலும் நீரை இறைக்கும் பிரம்மாண்டமான இரும்பு உத்திரங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தால் உங்கள் தந்தையாருக்குச் சான்சே ஸ்கான்ஸ் மறந்துபோகும் (சாண்டாம்வாசி மன்னிக்க வேண்டும்).

பிறகு ஹார்லெம். சந்தைச் சதுக்கத்துப் பெருந்தேவாலயத்தில் 1738இல் முடிக்கப்பட்ட முல்லர் ஆர்கன் என்ற பெரிய குழாயிசைக் கருவி இருக்கிறது. 1766இல் பத்து வயதுச் சிறுவனாக மொட்சார்ட் அதை வாசித்தார். உள்ளே நாற்காலிகள் ஏராளம். அம்மா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அமர்ந்திருக்கலாம். சிறிது நடந்தால் 1784இல் திறக்கப்பட்ட டெய்லர்ஸ் அருங்காட்சியகம், இந்நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம். அதன் முட்டைவடிவ அரங்குக்கு மேற்கூரை வழியாக வரும் பகல் வெளிச்சமே விளக்கு என்பதால் காலையிலோ நண்பகலிலோ செல்லுங்கள். ஃபிரான்ஸ் ஹால்ஸின் ஓவியங்களுக்கான அருங்காட்சியகமும் இங்கே இருக்கிறது. ஆனால் ஓவியம் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

உணவு பற்றிச் சில எச்சரிக்கைகள். இந்நாட்டுச் சீஸில் பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் உறைபொருள் சேர்க்கப்படுகிறது. 'ஸ்ட்ரெம்செல்' என்று பொட்டலத்தில் குறிப்பிட்டிருப்பார்கள், அதற்கு முன்னால் 'மைக்ரோபியேல்' என்றோ 'வெகெட்டாரிஸ்' என்றோ இருந்தால் மட்டும் அம்மாவுக்கு ஏற்றது. சந்தையில் ருசி பார்க்கக் கொடுக்கும் துண்டுகளை வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி உண்டு. தக்காளி சூப்பில்கூடப் பல இடங்களில் சிறு இறைச்சி உருண்டைகள் மிதக்கும். அப்பத்திலும் ஆப்பிள் கேக்கிலும் முட்டை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிறிய ஊர்களுக்குப் போகும் நாளில் புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போய், துறைமுகத்து இருக்கையில் அமர்ந்து சாப்பிடுவதே நிம்மதி. கடற்பறவைகள் மட்டும் கையிலிருந்து பறிக்கும்.

பயணச்சீட்டு

ஒரு சிறு குறிப்பு. ரயில், பேருந்து, டிராம் அனைத்திலும் வங்கி அட்டையையே காட்டி ஏறி இறங்கலாம். ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையில் மூவர் செல்ல முடியாது. ஏறும்போது கைப்பேசியைக் காட்டிவிட்டு இறங்கும்போது அட்டையைக் காட்டினால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்கென்றாலும் இயந்திரம் அவற்றை வெவ்வேறாகவே கருதும். மார்க்கன், ஏடாம், ஃபோலன்டாம், ஹார்லெம், சான்சே ஸ்கான்ஸ் ஆகியவற்றுக்கு ஆம்ஸ்டர்டாம் வட்டாரப் பயணச்சீட்டு ஒன்று, இரண்டு, மூன்று நாள்களுக்குக் கிடைக்கிறது. எங்க்ஹாய்சனுக்கு அது செல்லாது. திங்கட்கிழமைகளில் பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்ஸ்டல்வேன் கயல்

அனைவருக்கும் மிக்க நன்றி. எங்க்ஹாய்சன், மார்க்கனுடன் ஏடாம், வெள்ளிக்கிழமை அல்க்மாருடன் ஸ்கெர்மர்ஹோர்ன், மழை நாளுக்குக் கிருக்கியஸும் ஹார்லெமும் என்று முடிவு செய்திருக்கிறோம். சான்சே ஸ்கான்ஸைக் காற்றைப் பார்த்துத் தீர்மானிப்போம். ஒரு சனிக்கிழமை மட்டும் என் மகனும் உடன் வருவான். அவனுக்குக் கோட்டை வேண்டும். மாய்டன், நார்டன் இரண்டில் எது நல்லது?

வடகரையான்

நார்டன் இரட்டை அகழியும் ஆறு கொத்தளங்களும் கொண்ட நட்சத்திர வடிவக் கோட்டை நகரம். வானிலிருந்து எடுத்த படங்களில் அது அழகாகத் தெரியும். தரையில் நடப்பவருக்குப் புல்மேடும் தண்ணீரும்தான் தெரியும். கோட்டை மதில் முழுவதும் சுற்ற நெடுநேரம் ஆகும், உங்கள் அம்மாவுக்கு அது ஒத்துவராது.

சிறுவனுக்கு மாய்டன்தான். ஹாலந்தை ஆண்ட கவுண்ட் ஐந்தாம் ஃப்ளோரிஸ் 1285 வாக்கில் கட்டத் தொடங்கிய மாய்டர்ஸ்லாட் கோட்டையில் அகழி, தூக்குப்பாலம், கோபுரம் என்று கதைகளில் வரும் எல்லாம் உண்டு. கோபுரப் படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் அம்மா கீழே தோட்டத்தில் இருந்துவிடலாம். அப்பாவுக்கு ஊர் நடுவிலேயே ஃபெக்ட் ஆற்றின் வாயில் பழைய கடல் மதகு இருக்கிறது. பகைவர் வரும்போது இந்த மதகுகளைத் திறந்து சுற்றுவட்டார நிலங்களில் முழங்கால் அளவுக்கு நீரைத் தேக்குவது டச்சுப் பாதுகாப்பு முறை. படை நடந்து வர முடியாத ஆழம், படகு மிதக்க முடியாத ஆழம். ஆம்ஸ்டர்டாமைச் சுற்றியுள்ள இந்தப் பாதுகாப்பு வளையம் 1996இலிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கோடை நாள்களில் அந்த மதகில் உல்லாசப் படகுகள் வரிசையாக நின்று கடக்கும். கரையிலுள்ள உணவகத்தில் உட்கார்ந்து பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு, பாதிப் படகோட்டிகளுக்குக் கயிறு கட்டத் தெரியாது.

பேருந்தில் வந்தால் நிறுத்தத்திலிருந்து ஊருக்குள் சற்று நடக்க வேண்டியிருக்கும். பருவகாலத்தில் ஆம்ஸ்டர்டாமின் ஐபர்க் துறையிலிருந்து மாய்டனுக்கும் பாம்புஸ் கோட்டைத் தீவுக்கும் படகு விடுகிறார்கள். அதில் வந்தால் அம்மாவுக்கு எளிது, சிறுவனுக்கு ஒரு தீவுக் கோட்டையும் கூடுதலாகக் கிடைக்கும். எல்லா நாளும் ஓடுவதில்லை. சனிக்கிழமை என்பதால் இருக்கைகளை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.